வேலையைக் கேட்டு எழுதி வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொண்டு அமைப்புகளில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர்களுக்கு எப்படி மரியாதை செய்வது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பல வருடமாக மனத்தில் கிடக்கிற விஷயம். கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டேன்.

பாராட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் பிடிப்பார்கள், வாசலில் பதாகை கட்டுவார்கள். விழா நாயகரை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சால்வை போர்த்துவார்கள். போர்த்தின சால்வையை உடனே எடுத்துப் பின்னால் நிற்கிற பையன் பையில் போட்டுவிடுவான், அடுத்ததற்கு இடம் வேண்டுமே. அப்புறம் வாழ்த்துரைகள். தன்னலமற்றவர், எளிமையானவர், ஏழைகளுக்காகவே வாழ்ந்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்புரை கடைசியில் வரும். அதற்குள் பந்தி தொடங்கியிருக்கும். எண்பது வயதுக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப்பட்ட மேடைகளுக்குப் பக்கத்தில் நான் நிறைய நின்றிருக்கிறேன். எனக்குள்ள வருத்தம் ஒன்றே ஒன்று. அத்தனை பேச்சிலும், இந்த மனிதர் என்ன வேலை செய்தார், அதை எப்படிச் செய்தார் என்று ஒரு வரி கூட வராது. சால்வை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு அது சந்தோஷம் தரும், போர்த்துங்கள். ஆனால் நாற்பது ஐம்பது வருடம் அவர் செய்த வேலை அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் போகும்போது அந்த வேலையும் போய்விடும். ஆகவே அவரிடம் வேலையைக் கேளுங்கள், கேட்டு எழுதி வையுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். நடுவில் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படுகிற ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண். ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த அம்மா என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, எப்படி வாங்கிக் கொடுத்தார்? பணம் எங்கிருந்து வந்தது? நிலம் யார் பெயரில் எழுதப்பட்டது? இதைக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. விருதின் பெயர் தெரிந்த அளவுக்கு வேலை தெரியவில்லை.

அந்த அம்மா பிறந்தது 1926இல், திண்டுக்கல் பக்கம், நிலமில்லாத தலித் குடும்பத்தில். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் தாய் நாகம்மாள் கூலி வேலைக்குப் போய்ப் பாடுபட்டதைப் பார்த்து வளர்ந்தவர். படிக்க வைத்தவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதிலேயே விதவையாகி, அதன்பின் டில்லியில் மருத்துவம் படித்து, காந்தியின் ஆசியோடு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். 1947இல் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துறைக்கும் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியது இந்தத் தம்பதிதான். காந்திகிராமம் என்றதும் எல்லோருக்கும் பல்கலைக்கழகம் ஞாபகம் வரும். எனக்கு முதலில் தோன்றுவது, ஒரு பெரிய வீட்டுப் பெண் ஒரு கூலிக்காரத் தாயின் மகளுக்குப் படிப்புக் கொடுத்தார், அந்த மகள் பின்னாளில் ஆயிரக்கணக்கான கூலிக்காரப் பெண்களின் பெயரில் நிலம் எழுத வைத்தார் என்பது. காந்திகிராமக் கட்டடங்களோடு சேர்த்து இதையும் சௌந்தரம் அம்மாவின் கணக்கில் எழுத வேண்டும்.

கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் கல்லூரிப் படிப்பை விட்டு காந்தி வழியில் இறங்கியவர், சிறைக்கும் போனவர். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று முடிவெடுத்துக் காத்திருந்து 1950இல் செய்துகொண்டார்கள். சாதி கடந்த திருமணம். 1951இல் தெலங்கானாவில் போச்சம்பள்ளியில் காந்தியின் சீடர் வினோபா, நிலமில்லாதவர்களுக்காக நிலக்காரர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்கிற பூதான இயக்கத்தைத் தொடங்கியதும், ஐயா அவரோடு நடக்கப் போய்விட்டார். பிறகு அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

பூதானம் என்றதும் எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் பூதான ஊழியராக ஊர் ஊராக நடந்தவர். இப்போது இல்லை. அவருக்கும் ஒரு பாராட்டு விழா நடந்தது, நான் முதலில் சொன்ன மாதிரியேதான். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "ஐயா, நிலம் கேட்டுப் போவீர்களே, போனதும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்லையே தம்பி" என்றார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் காப்பி ஆறிப்போகிறவரை நிறுத்தவில்லை.

நிலக்காரர் வீட்டுக்கு முதலில் போகக் கூடாதாம். முதலில் ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்தைப் பார்க்க வேண்டும். யாருக்கு எங்கே எவ்வளவு நிலம், எதில் வில்லங்கம், எது தரிசு, எதற்குத் தண்ணீர் பாயும் என்பதெல்லாம் கணக்கில் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போனால், "எனக்கு எங்கேப்பா நிலம் இருக்கு?" என்று அவர் கேட்க முடியாது. அடுத்தது, கூட்டத்தில் எழுந்து "பத்து ஏக்கர் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், கைதட்டி முடிவதற்குள் தானப் பத்திரத்தை நீட்டி சர்வே நம்பரை எழுதி வாங்கிவிட வேண்டும். "எழுதிக்கோ தம்பி, சர்வே நம்பர் இல்லாத தானம் வெறும் காகிதம்" என்றார். இதைச் சொல்லும்போது விரலால் திண்ணையில் தட்டிக் காட்டினார். வாங்கின நிலத்தைப் போய்ப் பார்த்தால் சில இடத்தில் கல்லாங்காடாக இருக்கும், சில இடத்தில் பங்காளி வழக்கு நடந்துகொண்டிருக்கும். அதை எப்படிச் சமாளித்தார்கள், நிலம் கிடைத்தவனுக்கு மாடும் விதையும் எங்கே தேடினார்கள் என்றெல்லாம் சொன்னார். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். முந்தின நாள் மேடையில் அவரைப் பற்றிப் பேசிய யாருக்கும் இதில் ஒரு வரி தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவ்வளவு ஆசையாகச் சொன்னார்.

இதை இவ்வளவு நேரம் சொல்லக் காரணம் இருக்கிறது. பூதானத்தில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரிந்தால்தான் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அடுத்துச் செய்தது விளங்கும். தானமாக வருகிற நிலம் எப்போதும் நல்ல நிலமாக இருக்காது. காவிரிப் பாசனத்தில், நெல் விளைகிற வயலை யார் சும்மா தருவார்கள்?

1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கூலி உயர்வு கேட்ட தகராறில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். செய்தி கேட்டு அங்கே போனவர்கள் பலர். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் பலர். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தக் கீழத்தஞ்சையையே தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். வாழ்நாள் தொண்டு என்று நான் சொல்வது இதைத்தான். துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்புவது எளிது. அந்தத் துக்கம் நடந்த ஊரில் தங்கி, அடுத்த போகம், அதற்கடுத்த போகம் என்று கூடவே இருப்பது வேறு விஷயம்.

1981இல் லாஃப்டி என்கிற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவருக்கு நிலம் என்பதுதான் அதன் நோக்கம். வேலை இப்படி நடக்கும். நிலத்தை விற்க நினைக்கிற உடைமையாளர் ஒரு பக்கம், அதே வயலில் பரம்பரையாக நாற்று நட்ட கூலிக் குடும்பங்கள் ஒரு பக்கம். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி நியாயமான விலை முடிவு செய்வது. வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது. சேர்ந்து பயிர் செய்து கடனை அடைப்பது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் விற்கிறவர் மனம் மாறாமல் இருக்க வேண்டும், வங்கி நம்ப வேண்டும், குடும்பங்கள் கடைசி வரை ஒற்றுமையாக இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் ஒன்றும் நடக்காது. போராட்டம் என்றால் கொடியும் கோஷமும்தான் ஞாபகம் வரும். பதிவாளர் அலுவலக வாசலில் சாப்பாட்டு வேளை தாண்டிக் காத்திருப்பதும் போராட்டம்தான். முத்திரைத் தீர்வைக் கட்டணம் ஏழைகளுக்குத் தாங்காது, விலக்குக் கொடுங்கள் என்று அரசாங்கத்தின் கதவைத் தட்டியதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று வைத்தார்கள். டெல்டா பக்கத்து நேயர்களுக்கு மூன்று மா என்றால் சட்டென்று புரியும். அந்த ஓர் ஏக்கரைப் பெண்ணின் பெயரில் எழுதினார்கள். இதை மறுபடியும் சொல்கிறேன், பெண்ணின் பெயரில். நாற்று நட்டவள், களை பறித்தவள், கருக்கரிவாள் பிடித்தவள் எல்லாம் பெண். ஆனால் அதுவரை அவள் பெயர் எந்தப் பட்டாவிலும் கிடையாது. புருஷன் பெயரில் எழுதியிருந்தால், ஒரு கெட்ட வருடத்தில் கைமாற்றுக் கடனுக்கோ குடிக்கோ நிலம் போயிருக்கும். பெண் பெயரில் இருந்தால் அவள் கைநாட்டோ கையெழுத்தோ இல்லாமல் ஒருவரும் அதைத் தொட முடியாது. கிராமத்தில் பிறந்து, தாயின் பாட்டைக் கண்ணால் பார்த்த ஒருவருக்குத்தான் இது முதலிலேயே தோன்றும். இப்படி ஏறக்குறைய 13,000 ஏக்கர், ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் பின்னால் ஒரு பேச்சுவார்த்தை இருந்திருக்கும், ஒரு கடன் மனு இருந்திருக்கும், பதிவுக்கு வந்த அன்று கூலி இழந்த ஒரு பெண் இருந்திருப்பாள்.

நான் கேட்பது இதுதான். இந்த வேலையைத் தெரிந்தவர்கள் தலைவர்கள் மட்டும் இல்லை. மனு எழுதிக் கொடுத்தவர், கடன் தவணையை வீடு வீடாக வசூலித்தவர், கூட்டத்துக்குச் சோறு பொங்கியவர் என்று ஒவ்வொரு அமைப்பிலும் இரண்டாம் வரிசை ஒன்று இருக்கும். அவர்களுக்கு எழுபது வயது, எழுபத்தைந்து வயது ஆகியிருக்கும். அவர்களைத் தேடிப் போய் உட்காருங்கள். "உங்கள் சேவையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வெட்கப்பட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "தவணை கட்டாத வீட்டுக்குப் போனால் முதலில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். கைபேசியில் பதிவு செய்யலாம். ஆனால் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், வருடம் இதையெல்லாம் அப்போதே கேட்டு எழுதாவிட்டால் பின்னால் சரிபார்க்க ஆள் இருக்காது. விழாக் குழுவில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்புரையை முதலில் வையுங்கள். பெரியவர் களைத்துப்போவதற்கு முன்னால், கூட்டம் பந்திக்கு எழுவதற்கு முன்னால், அவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். வாழ்த்துரைக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். அவர்கள் பேச்சிலும் விஷயம் இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சைகை காட்டுகிறார்கள். இறால் பண்ணை வழக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். நாகைக் கடலோரத்தில் நெல்வயல்களை இறால் பண்ணைகளாக மாற்றினார்கள். உப்புநீர் நிலத்தடியில் இறங்கிக் குடிதண்ணீரும் கெட்டது, பக்கத்து வயலும் கெட்டது. வயல் போனால் கூலி வேலையும் போனது. ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற அந்தப் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் எஸ். ஜெகந்நாத் வழக்கு என்று ஐயாவின் பெயரிலேயே படிக்கிறார்கள். தீர்ப்பு வந்தபோது ஐயாவுக்கு வயது 82. அதற்குப் பிறகும் பண்ணைக்காரர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. 2005இல் வந்த மத்திய சட்டம் அந்தத் தீர்ப்பின் பிடியைத் தளர்த்தியது. ஐயா 2013இல், 98ஆம் வயதில் காலமானார். மண்குடிசைகளை எடுத்துவிட்டுச் செங்கல் வீடு கட்டிக் கொடுக்க அம்மா எடுத்த முயற்சியைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்று நேரமில்லை. அந்த வீடுகளில் குடியிருக்கிற பெண்களே அதைச் சொல்வதுதான் பொருத்தம். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் இருக்கிற நேயர்கள் யாராவது அவர்களிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.