அத்தை இல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

நாலு எருதுகளும் ஒரு சிங்கமும் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எருதுகள் ஒற்றுமையாக இருந்தவரை சிங்கத்தால் கிட்டேகூட நெருங்க முடியவில்லை. சண்டை போட்டுப் பிரிந்ததும் ஒவ்வொன்றாக அடித்துத் தின்றது. பல வருடம் விலங்கியல் பாடம் நடத்திய எனக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு குறை. சிங்கம் ஏன் தனியாக வந்தது? புலி தனியாகத் திரியும், சிறுத்தையும் அப்படித்தான். பெரும்பூனைகளில் கூட்டுக் குடும்பம் நடத்துவது சிங்கம் ஒன்றுதான்.

அந்தக் குடும்பம் யாருடையது? சிங்கக் கூட்டம் என்றதும் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆண்தான் நம் கண்ணில் நிற்கிறது. உண்மையில் அது குடிவந்த ஆள். வீடு பெண்களுடையது. பெண்குட்டி பெரும்பாலும் பிறந்த கூட்டத்திலேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போடும். ஆண்குட்டிக்கு இரண்டு மூன்று வயதானால் வெளியே கிளம்ப வேண்டியதுதான். அதனால் பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கை எல்லாரும் ஒரே இடத்தில். அப்பா எங்கிருந்தோ வந்தவர். அவர் கூடப்பிறந்த பெண்கள் அவர் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். மாமாவும் எப்போதோ கிளம்பிப் போயிருப்பார். ஆகவே சிங்கக் குட்டிக்குச் சித்தி எத்தனை வேண்டுமானாலும் உண்டு, அத்தை மட்டும் கிடையாது!

இன்னொரு விஷயம். ஓநாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும். பெண் சிங்கங்களுக்குள் அப்படி மகாராணி யாரும் இல்லை. வயது வந்த எல்லாமே குட்டி போடும். அதற்காக நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். பதினைந்து உருப்படி உள்ள கூட்டத்தில் மூன்று இந்தப் புதரடியில் இருக்கும், நாலு அந்த ஓடைக்கரையில் இருக்கும். மறுபடி சந்திக்கும்போது தலையோடு தலை தேய்த்துக்கொண்டு நலம் விசாரிக்கும்.

பிள்ளை வளர்ப்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரசவம் தனியாக, மறைவான இடத்தில். ஐந்தாறு வாரம் கழித்து அம்மா குட்டிகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவரும். ஒரே சமயத்தில் குட்டி போட்ட தாய்கள் எல்லாமாகச் சேர்ந்து வளர்க்கும். ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பதும் உண்டு. இதைத் தாய்மையின் மேன்மை என்று ஒரேயடியாக உருகிவிடாதீர்கள். விழித்திருக்கும்போது அடுத்தவள் குட்டி வந்து முட்டினால் உறுமி விரட்டும். குட்டி லேசுப்பட்டதா? சித்தி கண்ணசரும்வரை காத்திருக்கும். அவள் சொந்தக் குட்டிகள் குடிக்கும்போது, இதுவும் நைசாக நடுவில் புகுந்து வாய் வைத்துவிடும். தூக்கக் கலக்கத்தில் கணக்குப் பார்க்க முடியுமா?

சரி, ஆண்களுக்கு வருவோம். ஒற்றை ஆணால் ஒரு கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது கஷ்டம். இரண்டு மூன்று பேர் கூட்டணி சேர்ந்துதான் வருவார்கள். பெரிய கூட்டணி என்றால் அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்கும். சின்னதில் சொந்தம் இல்லாதவையும் சேரும். கூட்டணி என்றதும் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இதன் ஆட்சிக் காலமும் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான். அதற்குள் பலசாலியான வேறு கூட்டணி வந்து துரத்திவிடும்.

துரத்திவிட்டு அது செய்யும் முதல் வேலை கேட்க நன்றாக இருக்காது. பழைய ஆண்களுக்குப் பிறந்த குட்டிகளைக் கொன்றுவிடும். குட்டி உயிரோடு இருந்தால் தாய் மறுபடி குட்டி போட ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். இவற்றின் ஆட்சியே அவ்வளவுதானே; அதுவரை எப்படிக் காத்திருக்கும்? முதல் வருடத்தில் சாகும் குட்டிகளில் சுமார் நாலில் ஒன்று இப்படித்தான் சாகிறது.

சிங்கம் ஏன் கூடி வாழ்கிறது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. வேட்டைக்காக என்றுதான் நாங்களும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். தான்சானியாவின் செரங்கெட்டியில் 1966-இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய ஆய்வை, பிறகு கிரெய்க் பேக்கர் பல பத்தாண்டுகள் நடத்தினார். அவர்கள் கணக்குப் பார்த்ததில், கூடி வேட்டையாடுவதால் தலைக்குக் கிடைக்கும் இறைச்சி அப்படியொன்றும் கூடவில்லை. தாய்கள் சேர்ந்து இருந்தால் குட்டியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பக்கத்துக் கூட்டத்துப் பெண்களிடமிருந்து நிலத்தையும் காப்பாற்றலாம். நம் குஜராத்தின் கிர் காட்டிலும் பெண்கள் சேர்ந்தேதான் வாழ்கின்றன. அங்கே ஆண்கள் பெரும்பாலும் தனிக்குடித்தனம். இணைசேரும் காலத்திலும் பெரிய இரை விழும்போதும்தான் பெண்கள் பக்கம் வருவார்கள்.

நிலச் சண்டையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? செரங்கெட்டியில் புதருக்குள் ஒலிபெருக்கியை மறைத்துவைத்து, அந்நியப் பெண் சிங்கத்தின் கர்ஜனையை ஒலிபரப்பினார்கள். ஒரே ஒரு குரல் கேட்டால் வீட்டுக்காரப் பெண்கள் எழுந்து விரட்டப் போயின. மூன்று குரல் சேர்ந்து கேட்டால் தயங்கின. குரலை எண்ணி, தங்கள் தலைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கின்றன!

அப்புறம் இன்னொன்றையும் கவனித்தார்கள். எல்லாம் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒருத்தி எப்போதும் முன்னால் போவாள். இன்னொருத்தி எப்போதும் பின்தங்குவாள், முன்னால் போனவள் அடி வாங்குவாளா என்று பார்த்துக்கொண்டு. இப்படி நழுவுவதற்குத் தண்டனை எதுவும் கிடையாது. கூட்டத்தைவிட்டு ஒதுக்குவதும் இல்லை. முன்னால் போகிறவளுக்கு இது தெரியாமல் இல்லை. நடுவழியில் நின்று, திரும்பிப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பாள். அவள் வரவில்லை என்று தெரிந்ததும், ஒலிபெருக்கி இருக்கும் புதரை நோக்கித் தானே நடப்பாள்.

வணக்கம்.