புரட்டாசிக்குத் தள்ளிப்போன ஜூன் 5

வணக்கம். கேரளத்தில் பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் ஏழாம் வகுப்புக்கு நான் டீச்சர். பாடம் போக பிள்ளைகளை வைத்து என்னென்ன செய்கிறீர்கள், அதைப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். செய்வதற்கு என்ன குறைச்சல்! பள்ளி திறக்கிற அன்றைக்குப் பிரவேசனோற்சவம், சுற்றுச்சூழல் தினம், விளையாட்டு விழா, சயின்ஸ் மேளா, கலைவிழாவான கலோற்சவம் என்று ஜூனில் ஆரம்பித்தால் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஒன்றுக்குக் கட்டிய தோரணத்தை அவிழ்ப்பதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். எனக்கு அதில் ஒரே மனத்தாங்கல்தான். தேதியெல்லாம் எங்கேயோ உட்கார்ந்து போட்டது, எங்கள் ஊர் மழையையும் காற்றையும் கேட்டுப் போட்டதில்லை.

ஜூன் 5-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள், அதனால் உலகம் முழுக்க அன்றைக்குச் சுற்றுச்சூழல் தினம். கேரளத்தில் பெரும்பாலான இடங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்குகிற நேரம், குச்சியை ஊன்றினாலும் தழைத்துவிடும். ஆனால் கிழக்குச் சித்தூரில் நாங்கள் இருப்பது மழைமறைவில், மலை மழையைத் தடுத்துவிடுகிற பக்கம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் அப்படித்தான், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிற அளவுக்கு மழை வராது. அன்றைக்குக் கையில் கொடுக்கிற கன்றுக்கு அப்புறம் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். யார் சுமப்பது? ஆகஸ்டில் பார்த்தால் வேலி மட்டும் நிற்கும்.

அதனால் எங்கள் வகுப்பு ஜூன் 5 அன்று மரம் நடுவதில்லை, மழைமானி வைக்கிறது. பக்கம் நேராக இருக்கிற பாட்டில் ஒன்றின் தலையை வெட்டி அதையே புனலாகக் கவிழ்த்து, ஸ்கேலை ஒட்டினால் தீர்ந்தது வேலை. அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் சுழியம் வரைக்கும் முதலிலேயே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாக் கணக்கும் தப்பு. தினமும் காலை மணி அடிக்கும் முன் ஒருவர் பார்த்து எழுதுவார். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். அப்படியானால் 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லிட்டர், ஒரு பெரிய சின்டெக்ஸ் நிறைந்துவிடும். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒருத்தி எழுந்து, "அப்போ டிஎம்சின்னா எத்தனை லிட்டருங்க டீச்சர்?" என்றாள். கேட்காமல் இருப்பாளா? தமிழ்நாட்டு ஆழியாறு அணையிலிருந்து தண்ணீர் விட்டார்களா இல்லையா என்பதுதானே இங்கே வீட்டுத் திண்ணையில் தினசரிப் பேச்சு. தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி எல்லையில் மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி, கிட்டத்தட்ட 2,830 கோடி லிட்டர். போர்டில் சுழியம் போட்டுப் போட்டு அன்றைக்கு மலையாளப் பீரியடும் போய்விட்டது.

சரி, விளையாட்டு விழாவுக்கு வருவோம். அது பெரும்பாலும் ஆடிக் காற்றில்தான் வந்து விழும். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் உயரம் தாண்டுகிற கம்பு நிற்குமா? பையன் தாண்டுவதற்கு முன்பே கம்பு இறங்கிவிடும். ஆனால் எனக்குப் பிடித்த பாடம் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, கிழக்கே பார்த்து ஓடினால் காற்று முதுகைத் தள்ளும். 100 மீட்டரில் ஜெயித்த பையனைப் பார்த்து இன்னொருவன், "ஏனுங்க டீச்சர், இந்த மெடலை இவனுக்குக் குடுக்கறதா காத்துக்குக் குடுக்கறதா?" என்றான். பொறாமைதான், ஆனாலும் கேள்வி சரியானது. பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் சாதனையாக ஏற்கமாட்டார்கள், உலக அளவிலேயே அதுதான் விதி. அடுத்த வாரம் அதே பிள்ளைகளை அதே தூரம் இரண்டு திசையிலும் ஓடவிட்டு, குச்சியில் ரிப்பன் கட்டி, நேரம் எடுத்தோம். ரவுண்டு ஓடுகிறவர்களுக்குக் காற்று ஒரு பக்கம் கொடுத்ததை மறு பக்கம் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். முண்டூர் சித்ரா, 2017-ல் புவனேஸ்வரில் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கியவர், நம் ஜில்லாக்காரர். அவர் ஓட்டத்தைப் பற்றி அப்புறம் பேசியபோது பிள்ளைகள் கேட்ட விதமே வேறாக இருந்தது. நீளம் தாண்டுகிற ஸ்ரீசங்கர் 2022 காமன்வெல்த்தில் தாண்டிய 8.08 மீட்டரைக் கயிற்றில் அளந்து மண்ணில் கோடு போட்டால், வகுப்பறைச் சுவரைத் தாண்டி வராந்தாவுக்கு வந்துவிட்டது.

பிளாஸ்டிக் இல்லாத விழா, ஸ்டீல் டம்ளரில் நீர்மோர், துணியில் எழுதிய பேனர், இதெல்லாம் இப்போது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

மரம் நடுவது எங்களுக்குப் புரட்டாசிக் கடைசியில், அதுவும் பனை. ஆவணி முதலே பனம்பழம் விழும், பழத்துக்கு மூன்று கொட்டை வரை இருக்கும், பிறகு ஐப்பசி மழை தானே பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போனது, அந்த வரப்புகளில்தான் ஊன்றுகிறோம். இதில் போட்டோவுக்கு ஒன்றும் கிடைக்காது. பனங்கொட்டை முதலில் கீழ்நோக்கித்தான் முளைவிடும், மேலே ஓலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். பொறுமை இல்லாமல் ஒருவன் தோண்டிப் பார்ப்பான், எல்லா வருஷமும் ஒருவன் இருப்பான். அவனுக்காகவே பள்ளி மூலையில் ஒரு பாத்தியில் நெருக்கமாகப் போட்டு வைத்திருக்கிறோம், தை மாதம் அதைக் கிழங்காக எடுத்துக் மதியச் சாப்பாடு சமைக்கிற கஞ்சிப்புரையில் அவித்துத் தின்றுவிடுவோம். வரப்பில் போட்டது ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இந்தப் பிள்ளைகள் வேலைக்கே போயிருப்பார்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் பனை இருந்தால் விழுகிற கொட்டையை அடுப்பில் போடாதீர்கள், பக்கத்துப் பள்ளிக்கு ஒரு சாக்கு கொடுத்துவிடுங்கள். டீச்சர்மாரே, அதைக் கவரிலும் தொட்டியிலும் போடாதீர்கள், பிடுங்கி நட்டால் பனை பெரும்பாலும் பிழைக்காது. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே ஊன்றுங்கள். வணக்கம்.