மனச்சோர்வில் அழற்சியின் பங்கு

அவையோருக்கு வணக்கம்.

ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு ஒரு காலத்தில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசிதான் முக்கிய மருந்து. கிருமியோடு போராடும்படி உடலின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும் ஊசி அது. போட்டுக்கொண்டவர்களில் பலருக்குச் சில வாரங்களில் பசி போனது, தூக்கம் போனது, பிள்ளைகளிடம் பேசக்கூடப் பிடிக்காமல் போனது. அதுவரை மனச்சோர்வே அறியாதவர்களும் அவர்களில் உண்டு.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மெலனோமா புற்றுநோய்க்காக இதே ஊசி போடவிருந்தவர்களில் ஒரு பாதிக்கு முன்கூட்டியே பராக்ஸடீன் என்ற மனச்சோர்வு மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் 45 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதம்தான். இவர்களைப் பார்த்து, "மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று சொல்வது எவ்வளவு கொடுமை!

எப்படி நடக்கிறது? எதிர்ப்புச் சக்தி உசுப்பப்படும்போது உடலில் எழும் எதிர்வினைதான் அழற்சி. அப்போது சைட்டோகைன்கள் என்ற செய்தி கடத்தும் புரதங்கள் சுரக்கின்றன; இன்டர்ஃபெரானும் அவற்றில் ஒன்றுதான். அந்தச் செய்தி மூளைக்கும் எட்டி, அங்கே காவல் காக்கும் மைக்ரோகிளியா செல்களை உசுப்புகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபேனும் கைனுரெனின் என்ற வேறு பொருளை உண்டாக்கும் பாதைக்குத் திருப்பப்படுகிறது.

சரி, அப்படியானால் அழற்சியை அடக்கினால் மனச்சோர்வு தீருமா? அதே எமரியில், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத 60 பேரிடம் சோதித்தார்கள். மூட்டு நோய்க்குத் தரும், அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் சிலருக்கு, மற்றவர்களுக்கு வெற்று மருந்து. 2013-இல் வெளிவந்த முடிவு: மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் ரத்தத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்கள் மருந்தால் தேறும் போக்கு தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கோ வெற்று மருந்தே மேலாக இருந்தது.

தோற்றுப்போன ஆய்வு என்று இதைச் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான ஆய்வு. ஒரே பெயரில் நாம் அழைக்கும் நோய்க்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம்; சிலருக்கு அழற்சி, சிலருக்கு வேறு. அதனால் அழற்சியைக் குறைக்கும் என்று யாரும் வலி மாத்திரையை வாங்கி மனச்சோர்வுக்கு விழுங்காதீர்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தையும் நிறுத்தாதீர்கள். சி.ஆர்.பி. ஈறு வீக்கத்தில்கூட ஏறும், அதை மட்டும் வைத்து மனச்சோர்வை முடிவுசெய்ய முடியாது.

இங்கே வந்திருக்கும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் முடக்குவாதத்தோடு வருபவரிடம் மூட்டு வலியைக் கேட்ட கையோடு, தூக்கம் எப்படி, எதிலாவது மனம் ஒட்டுகிறதா என்றும் கேளுங்கள். அவர்களாகப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.