டமாக்சிஃபென் எடுப்பவர்கள் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து தினமும் டமாக்சிஃபென் எடுக்கிறார். இப்போது மனச்சோர்வுக்காக வேறொரு டாக்டர் பராக்செட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஒன்று மனசுக்கு, ஒன்று கட்டிக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

சம்பந்தம் கல்லீரலில் இருக்கிறதம்மா. டமாக்சிஃபென் நாம் விழுங்குகிற வடிவத்தில் அவ்வளவு வீரியமானது இல்லை. கல்லீரலில் சிஒய்பி 2டி6 என்று ஒரு நொதி, அதாவது என்சைம், இருக்கிறது. அதுதான் டமாக்சிஃபெனை எண்டாக்சிஃபெனாக மாற்றுகிறது. புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டுகிற இடத்தை அடைப்பதில் எண்டாக்சிஃபென் பல மடங்கு வலுவானது. பராக்செட்டினுக்கு மூளையில்தான் வேலை. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும். ஆனால் கல்லீரலுக்குப் போனதும் இந்த நொதியையும் முடக்கிவிடுகிறது. ஃபுளூவாக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையும் அப்படித்தான். அப்புறம் அம்மா வேளை தவறாமல் டமாக்சிஃபென் போட்டாலும் ரத்தத்தில் எண்டாக்சிஃபென் குறைந்துவிடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. எனக்குப் பயமே அதுதான்.

2010-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வந்த ஆய்வில், டமாக்சிஃபெனையும் பராக்செட்டினையும் அதிக காலம் சேர்த்து எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கூடுதலாக இருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் வேறு மாத்திரை இருக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

இதே நொதிதான் வலிக்குக் கொடுக்கும் கோடீனை மார்ஃபினாக மாற்றுகிறது. பராக்செட்டின் எடுப்பவருக்குக் கோடீன் சரியாகக் கேட்காது. மெட்டோப்ரோலால் என்ற பிரஷர் மாத்திரைக்கோ நேர் எதிர். அதை உடைத்து வெளியேற்றுவதே இந்த நொதி என்பதால், மருந்து ரத்தத்தில் தேங்கி நாடித்துடிப்பு மிகவும் குறையலாம்.

சரி, அம்மாவுக்கு என்ன வழி? வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை இந்த நொதியை மிகக் குறைவாகவே தொடுகிறது. டமாக்சிஃபெனால் திடீர் திடீரென்று உடம்பில் பரவுகிற சூட்டுக்கும் (ஹாட் ஃபிளாஷ்) அது உதவும். எஸ்சிட்டலோபிராமும் பராக்செட்டின் அளவுக்கு முடக்காது. எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மனச்சோர்வுக்கு மருந்தே வேண்டாம் என்று மட்டும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பராக்செட்டினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு எல்லாம் வரும். இரண்டு மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.