வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ்: இலவசமா, கட்டணமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருகிற எவரிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் கணினிக்கு இலவச ஆன்டிவைரஸ் போதுமா, அல்லது ஆண்டுதோறும் சந்தா கட்டி ஒன்றை வாங்கத்தான் வேண்டுமா? பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டணம் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால், எதை இலவசம் என்கிறோம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்த பிறகே அந்தக் கருத்தை நீங்கள் ஏற்க வேண்டும்.

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விண்டோஸ் கணினிகளில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே அமைந்து வருகிறது. அதை நீங்கள் தேடி நிறுவ வேண்டியதில்லை; வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் அது தானாகவே ஒதுங்கி வழிவிடுகிறது. தொடக்க காலத்தில் அதன் திறனைக் குறைவாக மதிப்பிட்டவர்கள் பலர். அன்று அதற்குக் காரணமும் இருந்தது. பின்னர், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் இயங்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனை நிறுவனங்களின் முடிவுகளில், கட்டண மென்பொருள்களுக்கு அருகிலேயே அது இடம்பெறத் தொடங்கிவிட்டது. இந்த முடிவுகளை இணையத்தில் எவரும் பணம் கட்டாமல் படிக்கலாம். விளம்பரத்தைப் படிக்கும் நேரத்தில் இவற்றைப் படியுங்கள் என்று நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஒரே நிறுவனம் இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என இரண்டையும் தரும்போது, வைரஸைக் கண்டுபிடிக்கும் அடிப்படைப் பகுதி பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணமோ, இணையத் தொடர்பை மறைகுறியாக்கிக் காக்கும் விபிஎன், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் வசதி, குழந்தைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதி, சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் போன்றவற்றுக்குப் போகிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கு நான் பெருமதிப்பு தருகிறேன். உடன் உதவிக்கு எவரும் இல்லாமல் கணினியைப் பயன்படுத்தும் முதியவர் ஒருவருக்கு, நம்பிக் கேட்கக்கூடிய ஓர் உதவி எண் கிடைக்குமானால், அதற்காகச் சந்தா கட்டுவது வீண் செலவாகாது.

இனி, இலவசத்தைப் பற்றி நான் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு செய்திக்கு வருகிறேன். செக் நாட்டின் பிராக் நகரில் தோன்றிய அவாஸ்ட் என்ற நிறுவனத்தின் இலவச ஆன்டிவைரஸை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தி வந்தார்கள். அந்நிறுவனத்துக்கு ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் ஒன்று இருந்தது. பயனர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குச் சென்றார்கள், எதைத் தேடினார்கள் என்ற விவரங்கள் ஆன்டிவைரஸ் மூலமாகவும் பிரவுசரில் சேர்க்கும் நீட்சிகள் மூலமாகவும் திரட்டப்பட்டு, ஜம்ப்ஷாட் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் சார்பு, பணநிலை ஆகியவற்றை ஊகிக்க இடந்தரும் விவரங்கள் அவை. பிறர் உங்களைப் பின்தொடர்வதைத் தடுப்போம் என்று வாக்களித்த மென்பொருளே இதைச் செய்தது என்பதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் செலுத்துமாறு பணித்ததோடு, இத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்பதற்கும் தடை விதித்தது. ஆன்டிவைரஸ் என்பது கணினியிலுள்ள எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் உரிமை பெற்ற மென்பொருள். அந்த உரிமையை இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்குக் கொடுப்பதற்கு முன், அதை உருவாக்கியவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நிறுவும்போது தோன்றும் விவரப் பகிர்வு ஒப்புதலைப் படித்துப் பார்த்து, தேவையில்லாதவற்றை மறுத்துவிடுங்கள்.

கட்டணம் செலுத்துபவர்களிடமும் ஒரு குறையைக் காண்கிறேன். புதிய கணினியோடு சோதனைக் காலத்துக்கு மட்டும் தரப்படும் ஆன்டிவைரஸ், காலம் முடிந்த பின்னும் திரையின் மூலையில் சின்னமாக நின்றுகொண்டிருக்கும். வீட்டார் அதைப் பார்த்துப் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். வைரஸ் போன்ற கெடுதல் செய்யும் நிரல்களான தீநிரல்கள் நாள்தோறும் புதிதாக வரும் நிலையில், புதுப்பிக்கப்படாத கட்டண மென்பொருளைவிட இன்று காலை புதுப்பிக்கப்பட்ட இலவச மென்பொருள் எவ்வளவோ மேல். ஆகவே, சந்தாவைத் தொடர விரும்பாவிட்டால் அந்த மென்பொருளை முழுமையாக நீக்கிவிட்டு, டிஃபெண்டர் இயங்குகிறதா என்று விண்டோஸ் பாதுகாப்புப் பக்கத்தில் பாருங்கள். தொடர விரும்பினால், முதல் ஆண்டின் தள்ளுபடி விலை அடுத்த ஆண்டும் இருக்குமா என்பதையும், அட்டையிலிருந்து பணம் தானாக எடுக்கப்படுமா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

புதுப்பிப்பு என்றேன், அது ஆன்டிவைரஸுக்கு மட்டும் உரியதன்று. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் புதுப்பிப்பு, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. பலர் அதை நிறுவவில்லை. அதேபோல, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது புதுப்பிப்புகள் தரும் சேவை, 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அடிப்படை அமைப்புக்கே புதுப்பிப்பு வராத கணினியில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடியும் தறுவாயில் இருப்பதால், விரிவாகச் சொல்ல எண்ணியிருந்த காப்புநகலைப் பற்றிச் சில சொற்களில் சொல்லிவிடுகிறேன். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் வட்டிலுள்ள நகலையும் பூட்டிவிடக்கூடும். எனவே, சந்தாவுக்கென ஒதுக்கிய பணத்தில் வெளிவட்டு ஒன்றை வாங்கி, முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் அதில் நகலெடுத்து, எடுத்து முடித்தவுடன் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.