ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பெற்றோர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உங்களில் நிறையப் பேருடைய பிள்ளைகள் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறார்கள். ஜூனில் ஆறாம் வகுப்பு. நான் 28 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். வருடா வருடம் என்னிடம் கேட்பார்கள்: "டீச்சர், அந்த ஸ்கூல் நல்லா இருக்குமா?" கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது. டீக்கடையில் யாரோ சொன்னது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா சொன்னது, அவ்வளவுதான் கையில் இருக்கும். ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளை ஏழு வருடம் உட்காரப் போகிற இடத்தை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டாமா?

இது பிப்ரவரி மாதம். பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. இப்போதே போங்கள். மே மாதம் போனால் பூட்டிய வகுப்பறையையும் சேர்க்கை பேனரையும்தான் பார்க்க முடியும்.

போனதும், தலைமையாசிரியர் அறைக்குப் போவதற்கு முன்னால், பதினோரு மணி இன்டர்வெல்லில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைப் பக்கம் போய்ப் பாருங்கள் அம்மா. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளி இருக்கிறதா என்று பாருங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். பச்சை மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுவருவாள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போக வரிசையில் நிற்கிறாள், பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருக்கிறது. "என்னம்மா, தண்ணியே குடிக்கலையா?" என்று கேட்டேன். "குடிச்சா போகணும் டீச்சர்" என்றாள். மறுநாள் அந்த வகுப்பில் எண்ணிப் பார்த்தேன். 19 பெண்கள், 14 பாட்டில்கள் நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்பின. மோட்டார் எரிந்துபோய் மூன்று வாரமாகியிருந்தது. ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அன்று நான் பட்ட வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

சரி, அடுத்து தலைமையாசிரியரைப் பாருங்கள். பயப்பட வேண்டாம், அது உங்கள் பள்ளி. பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். "ஸ்டாஃப் எல்லாம் இருக்காங்க" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். கணக்குக்கு யார், அறிவியலுக்கு யார், காலிப் பணியிடம் எத்தனை, மாற்றுப் பணியில் வெளியே போனவர் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒருவர் வேண்டும். காலியிடம் இல்லாத பள்ளி அரிது. ஒரு வருடம் ஆசிரியர் இல்லாமல் போனதா, மூன்று வருடமாக இல்லையா என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் விட்டுப்போன பிள்ளை பத்தாம் வகுப்பில் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அதே பள்ளியில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் தேதி இருக்கும். ஜூன், ஜூலையில் மட்டும் இருந்து, நவம்பருக்குப் பிறகு ஒரு டிக் கூட இல்லை என்றால் அது ஒரு செய்தி. தப்பான கணக்குக்குப் பக்கத்தில் ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் அதுவும் ஒரு செய்தி. ஒரு பள்ளியைப் பற்றி எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

பேனரில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று போட்டிருப்பார்கள். அரசுப் பள்ளியோ தனியாரோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு நூறு வாங்குகிற இடங்கள் உண்டு. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். எல்லோரையும் வைத்துக்கொண்டு 88 வாங்குகிற பள்ளி எனக்கு ஒசத்தி.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அதில் இடம். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். என் அக்கா மகன் எட்டாவது வரை அரசுப் பள்ளி. 'கொஞ்சம் இங்கிலீஷ் வரட்டும்' என்று ஒன்பதாவதுக்கு ஒரு தனியார் பள்ளியில் போட்டார்கள். ஒரே வருடம்தான். பீஸ் கட்ட முடியாமல் பத்தாவதுக்குத் திரும்பிவிட்டான். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது வகுப்புவாரியாக எங்கே படித்தாய் என்று கேட்ட இடத்தில் அந்த ஒன்பதாம் வகுப்பு குறுக்கே நின்றது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். 7.5க்கு உதவி பெறும் பள்ளி சேராது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களும் வருகிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்குகிற இலவச இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு 7.5 உண்டு. ஆக, ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் போடும்போதே பிளஸ் டூ வரைக்கும் யோசித்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பது உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு முடிந்துவிடும். பதினொன்றுக்கு எந்த மேல்நிலைப் பள்ளி, அங்கே உயிரியல் குரூப் இருக்கிறதா, வணிகவியல் இருக்கிறதா என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்று கேட்பீர்கள். என் கருத்து தமிழ் வழி. கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டிய வயதில் வார்த்தையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பல பள்ளிகளில் இரண்டு வழிக்கும் பாடம் எடுப்பது ஒரே ஆசிரியர்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. அதற்கான சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். ஆங்கிலம் ஒரு பாடமாக நன்றாக நடக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும், சின்னக் கால்கள் ஆறாம் வகுப்பில் இருக்கின்றன. பஸ் பாஸ் இருக்கிறது. பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று ஒரு நாள் நீங்களே ஏறிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் ஏதாவது குறை இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்க உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பச்சை மூடி பாட்டில் பெண்ணின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், குழுவில் உறுப்பினர். நான் விஷயத்தைச் சொன்னதும், அடுத்த கூட்டத்துக்கு மகளின் பாட்டிலைத் தண்ணீரோடு கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். "இது காலைல நான் ஊத்திக் கொடுத்த தண்ணி" என்றார். வார்டு உறுப்பினரும் அதே குழுவில் இருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாலாம் நாள் மோட்டார் ஓடியது.

நான் பேசியது போதும். தனியாகப் போகத் தயக்கமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வருகிற வியாழக்கிழமை காலை பத்தரைக்கு இந்த நூலக வாசலில் நிற்பேன். மேல்நிலைப் பள்ளிக்குச் சேர்ந்தே போவோம். இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், அதனால் தாமதிக்காமல் வாருங்கள்.