பழகிடும் என்கிறோமே

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம், அப்புறம் மண்டைக்காட்டு மாசிக் கொடை. நம்ம மாவட்டத்தில் மழைக்கு ஒரு பருவம் இருப்பதுபோல சத்தத்துக்கும் ஒரு பருவம் உண்டு. செண்டை, சிங்காரி மேளம், வெடி, தெருவுக்குத் தெரு கூம்பு ஒலிபெருக்கி. நமக்கெல்லாம் அது கொண்டாட்டம். ஆட்டிசம் உள்ள, அதாவது மூளை வளர்ச்சி வேறு விதமாக அமைந்த குழந்தைகளோடு வேலை செய்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய அவர்களுக்கு உதவுவது என் தொழில். இந்த மாதங்களில்தான் என்னிடம் வருகிற தாய்மார் அதிகமாக அழுகிறார்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்போது அவனுக்கு ஆறு வயது. கொடைக்குக் கூட்டிப்போன இடத்தில் செண்டை தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மணலில் விழுந்து உருண்டிருக்கிறான். "வளர்த்த லட்சணத்தப் பாரு" என்று சுற்றி நின்றவர்கள் அவன் அம்மாவை ஏசியிருக்கிறார்கள். அவனுடைய பாட்டி என்னிடம் சொன்னார்: "ஒச்ச கேட்டுக் கேட்டுத்தானே டீச்சரே பழகும்? நம்ம பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே வளந்துது?"

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் நம்பினேன். மிக்ஸி சத்தத்துக்கு அலறிய ஒரு சிறுமியை தினமும் மிக்ஸி பக்கத்திலேயே உட்காரவைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை அடுக்களைப் பக்கமே வர மறுத்தது. சாப்பாடும் குறைந்தது. அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். 'பழகிடும்' என்ற சொல்லை அன்றிலிருந்து நான் யாரிடமும் சொல்வதில்லை. ஏன் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், பழகுவது என்றால் என்ன? முட்டத்தில் வீடு உள்ளவருக்கு அலைச் சத்தம் கேட்பதேயில்லை. காது கேட்கத்தான் செய்கிறது. ஆனால் மூளை அந்தச் சத்தத்தை எடைபோட்டு, 'இதில் ஆபத்து ஒன்றுமில்லை' என்று தள்ளிவைத்துவிடுகிறது. சட்டை உடம்பில் உரசுவதும், மின்விசிறி ஓடுவதும் நமக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். இந்த எடைபோடும் வேலையில் பெரும்பங்கு அமிக்டலா என்ற பகுதிக்கு. பாதாம் பருப்பு அளவில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் இருக்கிறது. பயத்துக்கும் எச்சரிக்கைக்கும் அதுதான் மணி அடிக்கும்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் குழந்தைகளை ஸ்கேனில் படுக்கவைத்து, போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சொரசொரப்பான கம்பளித் துணியைக் கையில் உரசினார்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். 2015-ல் வெளியான முடிவு இது: மற்ற குழந்தைகளுக்கு அமிக்டலாவின் பரபரப்பு நேரம் போகப்போக அடங்கியது. ஆட்டிசத்தோடு புலன் கூச்சமும், அதாவது சத்தம், தொடுதல் போன்றவற்றைத் தாங்க முடியாத தன்மையும், மிகுந்த குழந்தைகளுக்கு அது அடங்கவில்லை. முதல் தடவை எப்படியோ, ஏறக்குறைய அப்படியேதான் அடுத்தடுத்த தடவையும். கேட்டுக் கேட்டுப் பழகும் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அந்த வேலையே அங்கு நடக்கவில்லை. செண்டையின் நூறாவது அடியும் அந்தக் குழந்தைக்கு முதல் அடிதான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆட்டிசம் இருந்தும் சத்தத்தை ஓரளவு தாங்கிய குழந்தைகளிடம், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதி அமிக்டலாவை அமர்த்திக்கொண்டிருந்தது. அதாவது அவர்கள் சும்மா தாங்கவில்லை, உழைத்துத் தாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு, வீட்டுப்படி ஏறியதும் வெடித்து அழுகிற பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு குறையும் உண்டு. ஸ்கேன் எந்திரமே பெரும் இரைச்சல் போடும். அதற்குள் அசையாமல் படுக்க முடிந்த குழந்தைகளிடம்தான் பெரும்பாலும் பரிசோதிக்க முடிகிறது. பேச்சே வராத, அதிக உதவி தேவைப்படுகிற குழந்தைகளைப் பற்றி இன்னும் கொஞ்சமாகத்தான் தெரியும்.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதித்தான் ஆட்டிசம் மருத்துவ உலகத்துக்கு அறிமுகமானது. உரத்த சத்தங்களுக்கு அந்தக் குழந்தைகள் மிரண்டதை அவர் அப்போதே குறித்துவைத்திருக்கிறார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக புலன் சிக்கல் இடம்பெற்றது 2013-ல். நடுவே 70 வருடம். அத்தனை காலமும் இந்தக் குழந்தைகள் பிடிவாதக்காரர்கள் என்றுதான் பேர் வாங்கினார்கள்.

எல்லாக் குழந்தைக்கும் சத்தம்தான் தொந்தரவு என்று நினைக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு யூனிஃபார்ம் காலர் லேபிள், இன்னொன்றுக்கு முடிவெட்டுகிற எந்திரம். குளச்சல் பையனுக்குச் சத்தத்தோடு சாப்பாடும். மட்டிப்பழமும் வெறும் சோறும்தான் இறங்கும். மரச்சீனிக் கிழங்கின் நார் நாக்கில் பட்டாலே ஓங்கரிப்பான். நேர்மாறாகவும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, விழுந்து முட்டி உடைந்தாலும் அழாத குழந்தை, நாள் முழுக்க ஊஞ்சல் கேட்கிற குழந்தை. அவர்களுக்கு நம் அளவு போதவில்லை, கூடுதலாகத் தேடுகிறார்கள். ஒரே குழந்தையே வெடிக்கு அலறிவிட்டு, இரும்புக் கதவை அடித்து அடித்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கூப்பிட்டுத் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இந்த இடத்தில் அவசரமாக ஒன்று. இந்தக் குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். சத்தத்திலிருந்து தப்பி ஓடுகிற பிள்ளை அமைதியைத் தேடிக் குளத்தங்கரைக்கோ சானல் கால்வாய்ப் பக்கமோ போய் நிற்கும். நம்ம ஊரில் எந்தத் தெருவிலிருந்து ஓடினாலும் தண்ணீர் பக்கம்தான். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஓடுங்கள். மற்ற இடங்களைப் பிறகு தேடலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். காதை மூடுகிற ஹெட்ஃபோன் உதவும். ஆனால் நாள் முழுக்க மாட்டிவைக்கவேண்டாம், தேவைப்படும்போது மட்டும். எங்கே போகிறோம், என்ன சத்தம் வரும், எப்போது திரும்புவோம் என்பதைப் படம் காட்டி முன்னாலேயே சொல்லுங்கள். எதிர்பார்த்து வருகிற சத்தம் திடீர்ச் சத்தத்தைவிடக் கொஞ்சம் லேசு. "போதும்" என்பதற்கு ஒரு சைகை கற்றுக்கொடுங்கள். அவன் அதைக் காட்டிய அடுத்த நிமிடம் கிளம்பிவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் என்று இழுத்தால் அந்தச் சைகைமேல் அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

விழாக் கமிட்டிக்காரர்களிடமும் கும்பிட்டுக் கேட்கிறேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று அளவும் இருக்கிறது. மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கூம்பை வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டாதீர்கள். வெடி போடுகிற நேரத்தை முந்தின நாளே மைக்கில் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு அம்மா தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவாள்.

குளச்சல் பையனுக்கு இப்போது பதினொன்று. போன மாசியில் விடியுமுன்னே, மைக் செட் போடுவதற்கு முன்னால், மண்டைக்காட்டுக்குப் போனார்கள். பாட்டிதான் நேரம் விசாரித்து வைத்திருந்தார். பையன் அம்மனைக் கும்பிட்டான். கொடுத்த மண்டையப்பப் பலகாரத்தை மோந்து பார்த்தான், தின்னவில்லை, ஆனால் கீழேயும் போடவில்லை. கடற்கரையில் கொஞ்சநேரம் நின்றார்கள். தூரத்தில் யாரோ மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றதும் அவன் கையெடுத்து சைகை காட்டுவதற்குள், பாட்டி செருப்பை மாட்டிவிட்டாராம்.